ஆக்சிஜன் அடிச்ச கவர்ல மீன் அனுப்புறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொளத்தூருக்கு அலங்கார மீன் வாங்க வர்றவங்க, வீட்டு மாடியில கப்பி, மோலி மாதிரி சின்ன வண்ண மீன் வளர்த்து வெளியூருக்கு அனுப்ப ஆரம்பிச்சவங்க, எல்லாரும் போன்ல கேக்குறது பெரும்பாலும் இதே கேள்விங்க தான். நான் ரெட்ஹில்ஸ் பக்கம் சிமெண்ட் தொட்டியில மீன் வளர்க்கிறேன், பாக்கெட் போட ஆரம்பிச்சு பதினஞ்சு வருஷம் ஆகுது. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதை இங்க மொத்தமா எழுதிட்டேன், பொறுமையா படிங்க, ஒரு உசுரு விஷயம் இது.

ஆக்சிஜன் எதுக்கு? கவர்ல காத்தை புடிச்சு கட்டினா போதாதா?

கடையில இருந்து வீட்டுக்கு, ஒரு மணி ரெண்டு மணி நேரம்னா காத்து போதும். கொளத்தூர்ல வாங்கி தாம்பரம் போறவங்களுக்கு ஆக்சிஜன் கூட வேணாம். ராத்திரி பஸ்ல ஏத்தி காலையில மதுரைல இறக்கணும்னா தான் கதை மாறுது.

கணக்கு சொல்றேன். நம்ம ஊரு சூட்டுல ஒரு லிட்டர் தண்ணியில கரைஞ்சிருக்க ஆக்சிஜன் 8 மில்லிகிராம் கூட வராது. அதே ஒரு லிட்டர் வெறும் காத்துல 270 மில்லிகிராம் கிட்ட இருக்கு. சிலிண்டர்ல இருந்து அடிச்ச சுத்த ஆக்சிஜன் ஒரு லிட்டர்னா 1,300 மில்லிகிராம் கிட்ட. அப்போ மீன் மூச்சு விடுறதுக்கான சேமிப்பு தண்ணியில இல்ல, தண்ணிக்கு மேல இருக்க அந்த உப்பின பகுதியில தான் இருக்கு, இதை புரிஞ்சுக்கிட்டா பாதி பேக்கிங் கத்துக்கிட்ட மாதிரி.

ஒரு கவர்ல 100 கிராம் எடைக்கு மீன் இருக்குன்னு வைங்க, அதுங்க கலவரத்துல, சூட்டுல, ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 50 மில்லிகிராம் இழுக்கும். மேல 3 லிட்டர் காத்து இருந்தா மொத்தம் 800 மில்லிகிராம், அதையும் கடைசி சொட்டு வரைக்கும் மீனால எடுக்க முடியாது, பாதி போனாலே மேல வந்து வாயை திறந்து திறந்து மூடும், அதனால எட்டு மணி நேரம் தாங்குனா பெருசு. அதே 3 லிட்டர் ஆக்சிஜனா இருந்தா 3,900, ரெண்டு நாளைக்கு மேல வரும். காத்துல ஆக்சிஜன் அஞ்சுல ஒரு பங்கு தான், மிச்சம் எல்லாம் நைட்ரஜன், அது மீனுக்கு ஒண்ணுத்துக்கும் ஆகாது.

சிலிண்டர் தீர்ந்து போச்சு, வாயால ஊதி கட்டலாமா?

வேணாம். நம்ம வெளிய விடுற மூச்சுல ஆக்சிஜன் 16 சதவீதம் தான், கூடவே 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு. சும்மா காத்தை விட மோசமான ஒண்ணை மீனோட சேர்த்து அடைக்கிறீங்க. அவசரத்துக்கு கவர் வாயை விரிச்சு ஒரு தடவை காத்துல வீசி அப்படியே மடக்கி புடிங்க, அது எவ்வளவோ மேல்.

தண்ணி எவ்ளோ, ஆக்சிஜன் எவ்ளோ?

மூணுல ஒரு பங்கு தண்ணி, ரெண்டு பங்கு ஆக்சிஜன். தூரம் ஜாஸ்தின்னா நாலுல ஒரு பங்கு தண்ணி போதும். "தண்ணி நிறைய இருந்தா மீனுக்கு நல்லது தானே"ன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அதுல ஒரு நியாயம் இருக்கு, அழுக்கு நீர்த்து போகும். ஆனா தண்ணி ஏற ஏற ஆக்சிஜனுக்கு இடம் போகுது, பார்சல் எடையும் ஏறுது. மீனோட முதுகு முழுகி அது பக்கவாட்டுல திரும்ப இடம் இருந்தா சரி.

இன்னொண்ணு, கவரை படுக்க வச்சு அனுப்புங்க. நின்ன கவர்ல தண்ணி மேல்பரப்பு சின்னது, படுத்த கவர்ல பெருசு, ஆக்சிஜன் தண்ணிக்குள்ள இறங்குறது அந்த மேல்பரப்பு வழியா தான். பஸ் குலுங்குறதும் நமக்கு நல்லது தான், குலுங்க குலுங்க ஆக்சிஜன் கலந்துக்கிட்டே வரும்.

பாக்கெட் போடுறதை கொஞ்சம் விளக்கமா சொல்லுங்க.

ரெண்டு கவர் எடுத்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு விடுங்க. அடி மூலை ரெண்டையும் மடிச்சு ரப்பர் பேண்ட் போடுங்க இல்ல டேப் ஒட்டுங்க, ஏன்னா சின்ன மீனுங்க அந்த கூரான மூலையில போய் சிக்கி நசுங்கி சாகும், கப்பி குஞ்சு அனுப்புறவங்க இதை மறக்கவே கூடாது. மூலை உருண்டையா வர்ற கவரும் கிடைக்குது.

தண்ணி ஊத்தி மீனை விட்டதும் கவர் வாயை ஒரு கையால சுருக்கி, இன்னொரு கையால உப்பி இருக்க காத்தை தண்ணி மட்டம் வரைக்கும் அழுத்தி வெளிய தள்ளுங்க. இதை தான் நிறைய பேர் செய்றது இல்ல. பழைய காத்து உள்ள இருக்கும்போதே அதுக்கு மேல ஆக்சிஜன் அடிச்சா கலப்படம் தான். காத்து போனதும் டியூபை உள்ள விட்டு, வாயை டியூபோட சேர்த்து இறுக்கி புடிச்சு, வால்வை மெதுவா திறங்க. டியூப் முனை தண்ணிக்குள்ள ஒரு ரெண்டு செகண்ட் பொங்குனா நல்லது, ஆனா மீன் மேல பீச்சி அடிக்க கூடாது. கவர் விரிஞ்சு எழும்பும், விரலால தட்டினா மேளம் மாதிரி சத்தம் வரும், அப்போ நிறுத்துங்க. டியூபை உருவுற அதே நேரத்துல கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கழுத்தை விடாம பிடிச்சிருக்கணும். கழுத்தை நல்லா முறுக்கி, முறுக்குனதை ரெண்டா மடிச்சு, மடிப்பு மேல ரப்பர் பேண்டை சுத்துங்க. ஒரு ரப்பர் பேண்டை நம்பாதீங்க, ரெண்டு போடுங்க. அப்புறம் வெளி கவரையும் தனியா கட்டணும்.

கட்டுனதும் தலைகீழா திருப்பி ஒரு பேப்பர் மேல கொஞ்ச நேரம் வைங்க. பேப்பர்ல ஈரப்பொட்டு விழுந்தா அந்த கவர் வேணாம்.

ஆக்சிஜன் நல்லா அடிச்சும் மீன் செத்து தான் போச்சு. ஏன்?

இந்த பக்கத்தை எழுத ஆரம்பிச்சதே இந்த கேள்விக்காக தான். ஒழுங்கா ஆக்சிஜன் அடிச்ச கவர்ல ஆக்சிஜன் தீர்ந்து மீன் சாகுறது ரொம்ப கம்மி. செத்த மீன் வந்து சேர்ந்த கவரை பாருங்க, அப்பவும் உப்பி தான் இருக்கும். மீனை கொல்றது அதோட அழுக்கும் சூடும்.

மீன் மூச்சு விடும்போது கார்பன் டை ஆக்சைடு விடுது, செவுள் வழியா அம்மோனியா விடுது, கூட கழிவு போடுது. கட்டுன கவர்ல இருந்து இதெல்லாம் எங்கயும் போக முடியாது. ஆக்சிஜனை சேமிச்சு வைக்கலாம், அழுக்கை வெளிய எடுக்க வழி இல்ல. அதனால உள்ள போகும்போதே மீன் வயிறு காலியா இருக்கணும்.

ஆரம்ப காலத்துல எனக்கு கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கோல்டு ஃபிஷ் ஆர்டர் வந்துச்சு, முதல் பெரிய ஆர்டர். தூரம் போற புள்ளைங்க பசியோட போக கூடாதேன்னு அன்னைக்கு காலையில ட்யூபிஃபெக்ஸ் புழுவை வயிறு நிறைய போட்டேன், சாயந்திரம் பேக் பண்ணேன். மறுநாள் அவர் அனுப்புன போட்டோல தண்ணி அரிசி கழுவுன தண்ணி மாதிரி இருந்துச்சு, மீன் ஒண்ணு கூட உசுரோட இல்ல. ஆக்சிஜன் அப்படியே இருந்துச்சு, கவர் கல்லு மாதிரி இறுக்கமா இருந்துச்சு. அந்த போட்டோவை ரொம்ப நாள் அழிக்காம வச்சிருந்தேன்.

அப்போ எத்தனை நாள் தீனி போடாம இருக்கணும்?

கப்பி, டெட்ரா, மோலி மாதிரி சின்ன மீனுக்கு 24 மணி நேரம். கோல்டு ஃபிஷ், கோய், பெரிய சிக்லிட்டுக்கு ரெண்டு நாள். குட்டி குஞ்சுகளை அவ்ளோ நேரம் பட்டினி போட முடியாது, முந்தின நாள் ராத்திரியோட நிறுத்துனா போதும், ஆனா அந்த வயசுல தூர பார்சல் வேணாம்னு தான் நான் சொல்வேன். நல்லா இருக்க மீன் ரெண்டு நாள் பட்டினியில சாகாது, அந்த பயம் வேணாம்.

பட்டினி போடும்போது தனி தொட்டியில, சுத்த தண்ணியில, ஏர் பம்ப் ஓட விட்டு போடுங்க. அடியில மண்ணும் பாசியும் இருக்க தொட்டியில பட்டினி போட்டா அது பாசியை மேஞ்சுக்கிட்டே இருக்கும். பேக் பண்ற தண்ணி புதுசா, அதே சூட்டுல, குளோரின் இல்லாம இருக்கணும். மெட்ரோ வாட்டர்னா ஆன்டி குளோரின் போடுங்க, இல்ல ஏர் கல்லு (ஏர் பம்ப்ல மாட்டி குமிழி விடுற கல்லு) போட்டு ஒரு நாள் விடுங்க. போர் தண்ணின்னா உடனே பிடிச்சு ஊத்தாதீங்க, அடியில இருந்து வர்ற தண்ணியில ஆக்சிஜன் கம்மியா இருக்கும், காத்தடிச்சு எடுங்க.

ஒரு கவர்ல எத்தனை மீன் போடலாம்?

எண்ணிக்கை சொன்னா தப்பா போகும், ஏன்னா ஒரு இஞ்ச் மீனும் மூணு இஞ்ச் மீனும் ஒண்ணு இல்ல. நீளம் ரெண்டு மடங்கு ஆனா எடை எட்டு மடங்கு கிட்ட ஏறும். எடை வச்சு பாருங்க. ஒரு ராத்திரி பயணத்துக்கு நான் ஒரு லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் தாண்ட மாட்டேன், வெயில் காலத்துல அதுலயும் பாதி. பெரிய ஏற்றுமதிக்காரங்க இதை விட நெருக்கமா போடுவாங்க, அவங்க கிட்ட குளிர் ரூம் இருக்கு, பழக்கப்பட்ட ஆளுங்க இருக்காங்க. நம்ம வீட்டுல இருந்து அனுப்புறவங்க அவங்களை பார்த்து போட்டி போட கூடாது.

சண்டை போடுற மீன், ஃப்ளவர்ஹார்ன், ஆஸ்கர் மாதிரி, ஒரு கவருக்கு ஒண்ணு தான்.

எந்த சிலிண்டர் வாங்கணும்? ஒரு சிலிண்டர்ல எத்தனை கவர் வரும்?

வெல்டிங் கடைக்கு போற ஆக்சிஜன் போதும், மீனுக்கு எல்லாரும் அதை தான் அடிக்கிறாங்க. அம்பத்தூர், பாடி பக்கம் கேஸ் டீலர்ங்க இருக்காங்க, டெபாசிட் கட்டி சிலிண்டரை எடுத்துக்கிட்டு தீர்ந்ததும் மாத்திக்கலாம். மெடிக்கல் சிலிண்டர் தேவையே இல்ல, அது நோயாளிங்களுக்கு. 2021 ஏப்ரல்ல கொரோனா ரெண்டாவது அலை வந்தப்போ தொழிலுக்கு போற ஆக்சிஜனை எல்லாம் ஆஸ்பத்திரிக்கு திருப்பி விட்டாங்க, எனக்கு சிலிண்டர் மாத்த முடியல, பார்சலே போடல. அது சரியான முடிவு தான், மனுஷனுக்கு போக மிச்சம் தான் மீனுக்கு.

பெரிய கறுப்பு சிலிண்டர், நம்ம தோள் உயரத்துக்கு வரும், அதுல சுமார் 7 கன மீட்டர், அதாவது 7,000 லிட்டர் ஆக்சிஜன். இடுப்பு உயரத்துக்கு வர்ற சின்னதுல 1,500 லிட்டர். கவருக்கு 3 லிட்டர் போகும், வீணா போறதையும் சேர்த்து 4 லிட்டர்னு வைங்க, பெருசுல 1,700 கவருக்கு மேல, சின்னதுல 370 கவர் வரும். மாசம் பத்து பார்சல் போடுறவங்களுக்கு சின்னதே ரொம்ப நாள் ஓடும்.

எவ்ளோ மிச்சம் இருக்குன்னு பார்க்க ஒரு சுலபமான கணக்கு இருக்கு. சிலிண்டர் எத்தனை லிட்டர் தண்ணி கொள்ளுமோ அதை மீட்டர் காட்டுற பிரஷரோட பெருக்குங்க. சின்னது 10 லிட்டர் கொள்ளும், மீட்டர் 75 கிலோ காட்டுதுன்னா உள்ள 750 லிட்டர் இருக்கு. முழுசா காலி பண்ணாதீங்க, கொஞ்சம் பிரஷர் இருக்கும்போதே வால்வை மூடி குடுங்க, இல்லன்னா வெளிக்காத்தும் ஈரமும் உள்ள போகும்.

என் கிட்ட ப்ளாண்டட் டேங்குக்கு (செடி வளர்க்கிற தொட்டிக்கு) வாங்குன சிலிண்டர் இருக்கு, அதை அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது!! அது கார்பன் டை ஆக்சைடு. கவர்ல அடிச்சா மீன் நிமிஷத்துல மயங்கி சாகும். சிலிண்டர் கலரை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, பெயிண்ட் உரிஞ்சு, மேல வேற கலர் அடிச்சு, எத்தனையோ கை மாறி வருது, உடம்புல எழுதி இருக்க பேரை படிங்க, டீலர் கிட்ட வாய் விட்டு கேளுங்க. புது சிலிண்டர் வந்ததும் ஒரே ஒரு கவர் போட்டு ஒரு மணி நேரம் மீனை பார்த்துட்டு மத்ததை போடுறது என் வழக்கம்.

ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வச்சு அடிக்கலாமா?

தாராளமா. கொரோனா சமயத்துல வாங்கி வச்சது நிறைய வீட்டுல பரண்ல கிடக்கு. அது காத்துல இருந்து நைட்ரஜனை பிரிச்சு 90 சதவீதத்துக்கு மேல ஆக்சிஜன் தரும். நிமிஷத்துக்கு 5 லிட்டர் மெஷின்னா ஒரு 3 லிட்டர் கவர் நிரம்ப 36 செகண்ட் ஆகும். சிலிண்டர்ல மூணு நாலு செகண்ட் வேலை இது, அதனால நூறு கவர் போடுறவங்களுக்கு கை வலிக்கும், பத்து இருபது கவர் போடுறவங்களுக்கு சிலிண்டரை விட நிம்மதி, பிரஷர் பயம் இல்ல, மாடி ஏத்துற வேலை இல்ல. ரொம்ப நாள் ஓடாம கிடந்த மெஷின்ல ஆக்சிஜன் அளவு குறைஞ்சிருக்கும், ஒரு தடவை மீட்டர் வச்சு பார்க்க சொல்லுங்க.

சிலிண்டர் வீட்டுல வைக்கலாமா? வெடிக்குமா?

ஆக்சிஜன் தானா எரியாது, ஆனா எரியுறதை பல மடங்கு வேகமா எரிய வைக்கும். 150 கிலோ பிரஷர்ல இருக்க ஆக்சிஜன்ல எண்ணெய் பட்டா நெருப்பு கூட வேணாம், தானா பத்திக்கும். ரெகுலேட்டர் இறுகி போச்சுன்னு தேங்காய் எண்ணெய் விடுறது, கிரீஸ் தடவுறது, தலைக்கு எண்ணெய் வச்ச கையோட வால்வை திருகுறது, எல்லாமே ஆபத்து. கையை சோப்பு போட்டு கழுவி துடைச்சுட்டு தொடுங்க.

வெள்ளிக்கிழமை கடையில சூடம் ஏத்தி சுத்தி காட்டுவோம், ஆயுத பூஜைக்கு சிலிண்டருக்கும் பொட்டு வச்சு சாம்பிராணி போடுவோம். பொட்டு வைங்க, தப்பில்ல, குங்குமத்தை தண்ணியில குழைச்சு வைங்க. நெருப்பை அந்த பக்கம் கொண்டு போகாதீங்க. முக்கியமா ஐம்பது கவர் அடிச்சு முடிச்ச உடனே அந்த ரூம்ல சிந்துன ஆக்சிஜன் நிக்கும், உடுத்தி இருக்க துணியிலயும் நிக்கும், கதவு ஜன்னலை திறந்து விட்டு ஒரு கால் மணி நேரம் போகட்டும்.

நிக்க வச்சா சங்கிலி போட்டு செவுத்தோட கட்டுங்க. விழுந்து வால்வு ஒடைஞ்சா அது ராக்கெட் தான். பைக்ல குறுக்க வச்சு கொண்டு போறவங்களை பார்த்தா எனக்கு வயித்தை கலக்கும். சிலிண்டர் கழுத்துல டெஸ்ட் பண்ண தேதி அடிச்சிருப்பாங்க, காலாவதி ஆனதை வாங்காதீங்க. வால்வை எப்பவும் மெதுவா திறங்க, ரெகுலேட்டருக்கு நேரா முகத்தை வைக்காதீங்க.

சென்னை வெயில்ல எப்படி அனுப்புறது?

சித்திரை, வைகாசியில முடிஞ்சா அனுப்பாதீங்க, இது தான் முதல் பதில். தண்ணி 10 டிகிரி ஏறுனா மீன் இழுக்குற ஆக்சிஜன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும், கழிவும் அப்படியே ஏறும், அதே நேரத்துல சூடான தண்ணியில ஆக்சிஜன் கரையிறது குறையும்.

கண்டிப்பா அனுப்பணும்னா தெர்மாகோல் பெட்டி. அரை லிட்டர் தண்ணி பாட்டில் ரெண்டை ஃப்ரீசர்ல உறைய வச்சு, நியூஸ் பேப்பர்ல மூணு சுத்து சுத்தி, கவர் மேல நேரா படாத மாதிரி பெட்டி ஓரத்துல வைங்க. ஐஸ் கவர்ல ஒட்டுனா அந்த பக்கம் தண்ணி சில்லுனு ஆகி மீன் அதிர்ச்சியில போயிடும். 24, 25 டிகிரியில நின்னா வெப்ப மண்டல மீனுங்களுக்கு அது சொகம். பெட்டியை டேப் போட்டு மூடுங்க, இருட்டுல மீன் ஓடாது, ஆக்சிஜனும் மிச்சம்.

ஒரு மே மாசம் நாப்பது கவர் ஏஞ்சல் மீன் மதுரைக்கு ஆம்னி பஸ்ல போட்டேன். பேக்கிங்ல ஒரு குறையும் இல்ல. பஸ்ஸோட பேரை சொல்ல வேணாம், லோடு ஏத்துன பையன் பெட்டியை பின்னாடி எஞ்சின் சைடு டிக்கியில தள்ளிட்டான், நான் பார்க்காம கிளம்பி வந்துட்டேன். காலையில அங்க பெட்டியை திறந்தவர் "தண்ணி வெதுவெதுன்னு இருக்குண்ணே"ன்னு சொன்னாரு. அன்னையில இருந்து பெட்டி எங்க ஏறுதுன்னு கண்ணால பார்த்துட்டு தான் நகருவேன், மேல "உயிர் மீன், எஞ்சின் பக்கம் வைக்காதீங்க"ன்னு தமிழ்ல பெருசா எழுதி ஒட்டுவேன். எழுதுனா படிக்கிறாங்க, நிஜமாவே பார்த்து வைக்கிறாங்க.

பஸ், ரயில், விமானம்: எது நல்லது?

தமிழ்நாட்டுக்குள்ள ராத்திரி பஸ். கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்கு போற நேரத்தையும் சேர்த்து கணக்கு போடுங்க, கொளத்தூர்ல இருந்து அந்த டிராஃபிக்ல ரெண்டு மணி நேரம் சாதாரணமா போயிடும், அதுவும் கவர்ல கழியிற நேரம் தான். ரயில்ல பார்சல் ஆபீஸ்ல முன்கூட்டியே கேட்டு புக் பண்ணணும், எந்த ஸ்டேஷன்ல எத்தனை நிமிஷம் வண்டி நிக்கும், இறக்க நேரம் இருக்குமான்னு பார்த்துக்கோங்க.

விமானம்னா ஒரு விஷயம் முக்கியம். மேல போகும்போது உள்ள காத்தழுத்தம் தரையில இருக்க மாதிரி இருக்காது, கவர்ல இருக்க ஆக்சிஜன் இருந்ததை விட மூணுல ஒரு பங்கு வரைக்கும் கூடுதலா விரியும். பஸ்ஸுக்கு கட்டுற மாதிரி மேளமா கட்டுனா வெடிச்சிடும், அமுக்குனா விரல் உள்ள போற அளவுக்கு தளர்வா கட்டுங்க. உயிர் பிராணிங்களை ஏத்த ஐயாட்டா (உலக விமான கம்பெனிங்களோட சங்கம்) விதி இருக்கு, பெட்டி எப்படி இருக்கணும்னு கார்கோ ஏஜென்ட் கிட்ட முதல்லயே கேளுங்க. சிலிண்டரை மட்டும் ஏர்போர்ட் பக்கம் எடுத்துட்டு போயிடாதீங்க, விட மாட்டாங்க.

ஃபைட்டர் மீனுக்கும் ஆக்சிஜன் வேணுமா?

ஃபைட்டர், கௌராமி எல்லாம் மேல வந்து காத்தை நேரா மூச்சு இழுக்குற மீன். சின்ன கவர், கொஞ்சம் தண்ணி, மேல நிறைய சாதாரண காத்து, ஒரு கவருக்கு ஒண்ணு, அவ்ளோ தான். நான் ஃபைட்டருக்கு சிலிண்டரை தொடுறதே இல்ல, ரெண்டு நாள் பயணத்துக்கும் நல்லா தான் போய் சேருது. ஒரு கவருக்கும் அடுத்ததுக்கும் நடுவுல பேப்பர் வைங்க, ஒண்ணை ஒண்ணு பார்த்தா வழி முழுக்க செவுளை விரிச்சுக்கிட்டே போகும்.

கோரி, சக்கர் மாதிரி முள்ளு மீன் கவரை குத்திடுதே?

மூணு கவர் போடுங்க, முதல் கவருக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல நாலா மடிச்ச நியூஸ் பேப்பர். வலையால அள்ளாதீங்க, முள்ளு சிக்கி ஒடையும், டப்பாவுல தண்ணியோட முகந்து எடுங்க. கோரி பயந்தா உடம்புல இருந்து விஷம் மாதிரி ஒண்ணு விடும், அதனால முதல்ல ஒரு பக்கெட்ல அரை மணி நேரம் விட்டு, அப்புறம் புது தண்ணியில மாத்தி பேக் பண்ணுங்க.

உப்பு, மருந்து, ஆக்சிஜன் மாத்திரை, செடி, இதெல்லாம் கவர்ல போடலாமா?

கல் உப்பு லிட்டருக்கு ஒண்ணு ரெண்டு கிராம், மோலி கப்பி கோல்டு ஃபிஷுக்கு நல்லது, அதிர்ச்சியை தாங்கும். அயோடின் கலந்த தூள் உப்பை விட கல் உப்பு போடுங்க. கோரிக்கு வேணாம். அம்மோனியாவை கட்டுற மருந்து கடையில கிடைக்குது, தூர பயணத்துக்கு அது நல்ல துணை. ஆக்சிஜன் மாத்திரை குளத்துக்கு போடுறது, தண்ணியில பெராக்சைடு விட்டு தான் அது வேலை செய்யுது, சின்ன கவர்ல அளவு தப்புனா செவுளை எரிச்சிடும், நான் போட மாட்டேன். செடி போட்டா ஆக்சிஜன் தரும்னு நினைக்கிறது வெளிச்சத்துல தான் சரி, மூடுன பெட்டி இருட்டுல செடியும் மீனோட பங்கை தான் இழுக்கும்.

பார்சல் வந்துடுச்சு, எப்படி திறக்கணும்?

இங்க தான் நல்லா வந்த மீனையும் கொன்னுடுறாங்க, அன்பு ஜாஸ்தியாகி. அவசரப்பட்டு கவரை பிரிச்சு வச்சுட்டு, ஒரு மணி நேரமா சொட்டு சொட்டா தண்ணி விடுவாங்க. உள்ள நடக்குறது என்னன்னா, வழி முழுக்க மீன் விட்ட கார்பன் டை ஆக்சைடு தண்ணியோட பிஹெச்சை (புளிப்பு, காரம் எவ்ளோன்னு சொல்ற அளவு) இறக்கி வச்சிருக்கும். பிஹெச் கீழ இருக்கும்போது அம்மோனியா பெரும்பாலும் விஷம் இல்லாத வடிவத்துல அடங்கி இருக்கும். பிஹெச் 7-ல நூத்துல ஒரு பங்கு கூட விஷமா இருக்காது, அதே 8-க்கு ஏறுனா ஐஞ்சாறு பங்கு ஆயிடும். கவரை திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு பறந்து போகும், பிஹெச் ஏறும், அடங்கி இருந்த அம்மோனியா எல்லாம் விஷமா எழும்பும். நீங்க ஏர் கல்லு போட்டா இன்னும் வேகமா எழும்பும்.

அதனால ஒரு ராத்திரி தாண்டி வந்த பார்சல்னா, ரூம் லைட்டை குறைச்சு, கவரை கட்டு பிரிக்காம தொட்டியில 20 நிமிஷம் மிதக்க விடுங்க, சூடு ஒண்ணாகட்டும். அப்புறம் பிரிச்சதும் தாமதிக்காம மீனை வலையில எடுத்து தொட்டியில விடுங்க, கவர் தண்ணி ஒரு சொட்டு கூட தொட்டியில போக வேணாம். உங்க தொட்டி தண்ணியோட பிஹெச், உப்பு எவ்ளோன்னு அனுப்புறவர் கிட்ட முந்தின நாளே சொல்லுங்க, அவர் அதுக்கு கிட்ட வர்ற தண்ணியில பேக் பண்ணுவாரு. பக்கத்து ஏரியால வாங்கி ஒரு மணி நேரத்துல வந்த மீனுக்கு இந்த அவசரம் இல்ல, கொஞ்சம் கொஞ்சமா தொட்டி தண்ணியை கலந்து நிதானமா விடலாம்.

முதல் நாள் தீனி வேணாம்.

மீன் வந்ததும் மூச்சு ரொம்ப மெதுவா விடுது, சாகுதா?

பயப்படாதீங்க. கவர்ல ஆக்சிஜன் தாராளமா இருந்ததால செவுளை அவ்ளோ அடிக்க வேண்டிய தேவை அதுக்கு இல்ல. தொட்டியில விட்டு ஏர் பம்ப்பை நல்லா ஓட விடுங்க, கொஞ்ச நேரத்துல வழக்கமான வேகத்துக்கு வந்துடும். பக்கவாட்டுல சாய்ஞ்சு கிடந்தா மட்டும் தனி டப்பாவுல காத்தடிச்சு வைங்க.

செத்த மீன், கவர் தண்ணி, வேணாம்னு தோணுற மீன், எல்லாம் எங்க போடுறது?

தண்ணியை செடிக்கு ஊத்துங்க, உப்பு போட்ட தண்ணின்னா கழிவறையில ஊத்துங்க. செத்த மீனை மண்ணுல புதைங்க. உசுரோட இருக்க மீனை ஏரியில, கால்வாய்ல விடாதீங்க, புண்ணியம்னு நினைச்சு விடுறவங்க இருக்காங்க. தொட்டி கண்ணாடியை சுத்தம் பண்ணும்னு வாங்குன சக்கர் மீன் இன்னைக்கு நம்ம ஊரு நீர்நிலைங்கள்ல பெருகி கிடக்கு, வலை போடுறவங்களுக்கு கெண்டைக்கு பதிலா அது தான் சிக்குது, அதோட முள்ளுல வலை கிழியுது. வளர்க்க முடியலன்னா வாங்குன கடைக்கே திருப்பி குடுங்க, காசு வராது, ஆனா பெரும்பாலும் வாங்கிப்பாங்க. என் கிட்ட கொண்டு வந்தாலும் ஒரு தொட்டி அதுக்குன்னே காலியா வச்சிருக்கேன்.